காற்றுப் புகாத கோழிக்கூடு

என் பெருமையை நானே சொல்லக் கூடாதுதான். ஆனால் வேறு யாரும் சொல்வதாகக் காணோம். இருபத்தெட்டு வருஷமாகக் குளிர் அறை கட்டுகிறேன். மீன், ஐஸ்கிரீம், ஆப்பிள், தடுப்பூசி மருந்து, எதைக் கொடுத்தாலும் அது கெடாமல் இருக்க ஓர் அறை கட்டித் தருவேன். நான் கட்டிய அறையிலிருந்து குளிர் வெளியே போனதாகவோ, வெளியிலிருந்து ஓர் எறும்பு உள்ளே போனதாகவோ இதுவரை புகார் கிடையாது. தொழிலில் என்னைப் ‘பெட்டி’ என்றுதான் கூப்பிடுவார்கள். குளிர்பெட்டிக்காரர் என்பது தேய்ந்து பெட்டி ஆகிவிட்டது. மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடைவெளி என்றாலே எனக்கு ஆகாது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் தலைமுடி நுழைகிற சந்து தெரிந்தால் போதும், சோறு இறங்காது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் ஜன்னலோரம் கையை நீட்டிக் காற்று கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். எங்கள் படுக்கையறை ஜன்னலை, ஏசி வாங்கிய அன்றைக்கே, ரப்பர் பட்டை வைத்து சிலிக்கான் பசை பூசி அடைத்தேன். கண்ணாடியில் வெயில் படாமலிருக்க வெள்ளித்தாள் ஒட்டினேன். பதினொரு வருஷம் ஆகிறது. எங்கள் பக்கத்து வெயிலும் புழுதியும் அப்படி. மழை என்பது நாங்கள் டிவியில் பார்க்கிற விஷயம். அன்றிலிருந்து அந்த அறைக்குள் ஒரு தூசி கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் கூட்டிப் போய்க் காட்டுவேன். காபி கொடுத்தேனோ இல்லையோ, அந்த ஜன்னலைக் காட்டாமல் யாரையும் அனுப்பியதில்லை.

அந்த அறையில்தான் என் மனைவி தூங்குவதில்லை.

முப்பத்து மூன்று வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்ற மறுநாளே தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு பழைய கட்டிலும் ஒரு மர ஜன்னலும் இருக்கின்றன. அந்த ஜன்னலுக்குக் கொக்கிகூட ஒழுங்காகக் கிடையாது. “உங்க ரூம்ல மூச்சு முட்டுதுங்க” என்றாள். நான் விடுவேனா? அறையின் அளவு, இரண்டு பேர் விடுகிற மூச்சு, கதவு திறக்கும்போது உள்ளே வருகிற காற்று எல்லாவற்றையும் ஒரு தாளில் கணக்குப் போட்டு நீட்டினேன். கணக்குப்படி அவளுக்கு மூச்சு முட்டவில்லை. அவள் தாளை வாங்கிப் பொறுமையாகப் படித்தாள். மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்ப் படுத்துவிட்டாள். ‘உங்க ரூம்’ என்று அவள் சொன்னதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தில் இருந்தேன்.

வெயில் ஏற இரண்டு மாதம் இருக்கும்போது கோழிகள் வந்தன. அவளோடு வேலை பார்த்த ஒரு நர்ஸ் மூன்றாவது மாடிக்குக் குடி போனாள். மாடியில் கோழிக்கு ஏது இடம், ஐந்தையும் இவளிடம் கொடுத்துவிட்டாள். இவள் அதுகளுக்கு ஆஸ்பத்திரிப் பெயர்களாக வைத்தாள். எல்லாவற்றையும் அதட்டுகிற சிவப்புக் கோழி மேட்ரன். கண்ணை மூடவே மூடாதது நைட் டியூட்டி. எப்போது பார்த்தாலும் சோர்ந்து நிற்பது ஐசியூ. கதவு திறந்தால் ஓடிவிடுவது டிஸ்சார்ஜ். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வருவது விசிட்டர். ஓய்வு பெற்று ஆறு மாதமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், கோழிகள் வந்த வாரம் விடியற்காலையில் எழுந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். கேட்டால், ரவுண்ட்ஸ் போகிறாளாம். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பகலில் கொல்லையில் மேய்ந்துவிட்டு, இருட்டினால் ஐந்தும் பின்னறையில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் பழக்கூடைகளில் படுத்துக்கொள்ளும். வீட்டுக்குள் எத்தனை நாள் அப்படி வைத்திருப்பது? வெயில் ஏறுவதற்குள் ஒரு கூடு வேண்டும் என்றாள். காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் படமும் போட்டுக் கொடுத்தாள். நாலு கால், மேலே ஒரு கூரை, சுற்றிலும் கம்பி வலை, மேற்குப் பக்கம் மட்டும் ஈரச் சாக்கு. அவ்வளவுதான் படம்.

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவள் சிரிக்கவில்லை.

“கூடு சரியா அமையலேன்னா கோழிங்களைத் தம்பி தோட்டத்துல விட்டுடறேன். நானும் அங்க போய் இருந்துக்கறேன்.”

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.

“தெரியலீங்க.”

ஆஸ்பத்திரியில் முப்பத்து மூன்று வருஷம் நேரம் பார்த்து மருந்து கொடுத்தவள் அவள். எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று கேட்டால் நிமிஷத்தோடு சொல்லுவாள். அவள் வாயில் தெரியலை என்ற வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. பயந்துபோனேன். பயந்தவன் அவள் போட்ட படத்தைப் பார்த்துக் கட்டியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. என் பயத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, இன்னும் கெட்டியாக அடைப்பது.

உலகத்தில் எந்தக் கோழிக்கும் கிடைக்காத ஒரு கூட்டைக் கட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். அதைப் பார்த்து அவள் அசந்துபோய்த் தம்பி தோட்டத்துக்குப் போகிற பேச்சையே விட்டுவிடுவாள். கிடங்கில் பழைய வேலையில் மிஞ்சிய பலகைகள் கிடந்தன. இரண்டு தகட்டுக்கு நடுவில் நாலங்குல நுரை ஊற்றிய பலகை. ஆறடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம். சுவர், கூரை, தரை எல்லாம் அதே பலகை. மூலைக்கு மூலை பசை. கதவுக்கு ஐஸ்கிரீம் கிடங்கில் போடுகிற ரப்பர், அதே கனத்த தாழ்ப்பாள். பத்து நாள் தலை கால் புரியாமல் வேலை செய்தேன்.

குளிர் அறைக்கு ஒரு விதி உண்டு. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் தள்ளித் திறக்க, கதவின் உட்பக்கம் ஒரு குமிழ் வைக்க வேண்டும். வைத்தேன். பச்சை நிறத்தில் இருட்டிலும் ஒளிர்கிற குமிழ். என் மனைவி குனிந்து அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இதைக் கோழி எப்படிங்க தள்ளும்?”

விதி என்றால் விதி என்றேன். பிறகு, காற்று எங்கேயிருந்து வரும் என்று கேட்டாள். வெளியே கொதிக்கிற காற்றை எதற்கு உள்ளே விட வேண்டும், விடியும்போது குளிர்ந்த காற்றைப் பிடித்து அடைத்துக்கொண்டால் பகல் பூராவும் தாங்கும், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கதவைத் திறந்தால் போதும் என்று வாய் கிழியப் பேசினேன். அவள் சரி என்று சொல்லவில்லை. அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு சரியாக மூடுகிறதா என்று பார்க்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடிவிட்டு இழுக்க வேண்டும். தாள் உருவிக்கொண்டு வந்தால் கதவு லாயக்கில்லை, கிழிந்தால் கதவு பிரமாதம். சட்டைப்பையைத் துழாவினேன். அந்தக் காலண்டர் தாள்தான் கிடைத்தது. வைத்து மூடி இழுத்தேன். பாதி என் கையோடு வந்தது, அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன். பாதி ரப்பருக்குள் சிக்கிக்கொண்டது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

பக்கத்து வீட்டு டீச்சரம்மா மதில் மேலாக எட்டிப் பார்த்தார். பளபளவென்று வெள்ளையாக, ஆள் நீளத்துக்கு, தாழ்ப்பாளோடு நிற்கிற பெட்டியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “தப்பா நினைக்காதீங்க சார். வீட்டுல யாருக்காவது உடம்பு ரொம்ப முடியலையா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கோழிக்கூடு என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் சோதனை. விடியற்காலையில் கதவைத் திறந்து வைத்துக் குளிர்ந்த காற்றை நிரப்பி, ஆறு மணிக்கு மூடினேன். உள்ளே இருக்கிற சூட்டையும் ஈரத்தையும் கதவுக்கு வெளியே காட்டுகிற மீட்டர் ஒன்றும் பொருத்தியிருந்தேன். மதியம் இரண்டு மணிக்கு வெளியே நாற்பத்து மூன்று டிகிரி. உள்ளே முப்பத்தொன்று. நிலைகொள்ளவில்லை எனக்கு. மீட்டரைப் படம் பிடித்து மச்சினனுக்கு அனுப்பினேன்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. ஊருக்கு வெளியே தோட்டத்தோடு வீடு. உருளைக்கிழங்கு வியாபாரம். அவனுடைய கிழங்குக் கிடங்குக்குக் குளிர் அறை கட்டிக் கொடுத்தவனும் நான்தான். ஒரு தடவை என்னைக் கேட்காமல் கூடுதலாக நூறு மூட்டையை உள்ளே ஏற்றிவிட்டு, குளிர் பற்றவில்லை என்று போன் செய்தான். நேரில் போய் அவன் ஆட்கள் முன்னாலேயே எகிறினேன். “உருளைக்கிழங்கு கட்டை இல்லடா. உசிரு. மூச்சு விடும், சூடு விடும். அதைக் கணக்குல சேர்க்காதவன் மனுஷனே இல்ல” என்றேன். அந்த வசனம் எனக்கே பிடித்துப்போய், அதற்குப் பிறகு எந்தப் புது வாடிக்கையாளர் வந்தாலும் அதிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

படத்தைப் பார்த்துவிட்டு மச்சினன் கூப்பிட்டான். நன்றாக இருப்பதாகச் சொன்னான். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டான். ஒன்றும் இல்லை, காலியாக வைத்துச் சோதனை என்றேன். “ஓ” என்றான். பொறாமையில் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரியில் யாருக்கோ ஓய்வு விழா. மனைவி பத்து மணிக்குக் கிளம்பினாள். கோழிகளைக் கொல்லையில் திறந்து விட்டிருந்தாள். மரத்தடியில் தண்ணீர் வைத்திருந்தாள். “நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா இருந்தா போதும்” என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் நடத்தியவள், என்னால் முடியாத ஒரே காரியத்தைச் செய்யச் சொல்லிவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு எட்டிப் பார்த்தேன். துவைக்கிற கல்லுக்கு அடியில் மண்ணைக் கிளறிக் குழி பறித்து, ஐந்தும் இறக்கையை அகட்டி, வாயைத் திறந்து வைத்துப் படுத்திருந்தன. பத்தடி தள்ளி முப்பத்தொரு டிகிரி மாளிகை காலியாக நிற்கிறது. மனசு கேட்குமா? ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய் உள்ளே விட்டேன். மேட்ரன் என் கட்டை விரலில் ஒரு போடு போட்டது. டிஸ்சார்ஜைப் பிடிக்கக் கொல்லையை நாலு சுற்று சுற்றினேன், டீச்சரம்மா மதில் மேலிருந்து வழி சொன்னார். விசிட்டர் தானியத்தைக் காட்டியதும் தானாகவே வந்தது. எல்லாம் உள்ளே போனதும் கதவை மூடினேன். பொக் என்று அந்தக் கதவு மூடுகிற சத்தத்தைப் போல எனக்குப் பிடித்த சத்தம் வேறு கிடையாது.

அப்புறம் சாப்பிட்டேன். ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்தேன். கோழிகளும் என்னைப் போலவே நிம்மதியாக ஓய்வெடுக்கின்றன என்று நினைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன். அந்த அறைக்குள்தான் ஒரு சத்தமும் வராதே. அதுகள் கத்தியிருக்கும். தொண்டை வறளக் கத்தியிருக்கும். படுக்கையறை ஜன்னலுக்கும் கூட்டுக்கும் நடுவில் பதினைந்தடிகூட இருக்காது. என் வேலை அவ்வளவு சுத்தம். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

எழுந்து போய்ப் பார்க்கும்போது மணி இரண்டே கால். மீட்டரில் நாற்பத்தொன்று. ஈரம் எண்பத்தெட்டு. மீட்டர் கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கதவைத் திறந்தேன். சோற்றுப் பானையைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடித்தது. நைட் டியூட்டியும் விசிட்டரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றன. டிஸ்சார்ஜ் ஓடவில்லை. கதவு திறந்தும் ஓடவில்லை. ஐசியூ நடுவில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தது. மேட்ரன் கதவோரம், அந்தப் பச்சைக் குமிழுக்கு நேர் கீழே, ஒருக்களித்துக் கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது.

கோழிக்கு வேர்க்காது. வாயைத் திறந்து மூச்சு விட்டுத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஐந்து கோழி விட்ட மூச்சின் சூடும் ஈரமும் போக வழியில்லாமல் அந்தப் பெட்டிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமா? உருளைக்கிழங்கு விஷயத்தில் தெரிந்தது. ஆப்பிள் விஷயத்தில் தெரிந்தது.

மனைவிக்குப் போன் போட்டேன். உளறினேன். அவள் குரல் நர்ஸ் குரலாக மாறியது. எத்தனை பேர், யாருக்கு ரொம்ப மோசம் என்று கேட்டாள். சொன்னேன்.

“எவ்வளவு நேரம் உள்ள இருந்துச்சு?”

“அரை மணி.”

“பேஷண்ட் வீட்டுக்காரங்க எல்லாரும் அரை மணின்னுதான் சொல்லுவாங்க. எவ்வளவு நேரம்?”

“ரெண்டு மணி நேரம்.”

என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். நான் அதற்குள் ஐஸ் தட்டை எடுத்து வந்திருந்தேன், வேறென்ன செய்வேன். ஐஸ் வைத்தால் அதிர்ச்சியில் செத்துவிடும் என்றாள். குழாயைத் திறக்கப் போனேன். தொட்டித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும், சமையலறைக் குடத்திலிருந்து எடுங்கள் என்றாள். என் அறைக்குத் தூக்கிப் போகட்டுமா, ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன்.

“வேணாம். என் ரூமுக்குக் கொண்டு போங்க.”

எட்டு மாதத்தில் அந்த அறைக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை. ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. அவள் போகும்போது நனைத்துவிட்டுப் போயிருக்கிறாள், அடியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே அனலாக அடிக்கிற காற்று அதன் வழியாக ஜில்லென்று உள்ளே வந்து என் வேர்வையில் பட்டது. ஒரு மோட்டார் இல்லை, ஒரு பலகை இல்லை. காய்ச்சல்காரனுக்கு ஈரத்துணி போடுகிற மாதிரி ஒரு சாக்கு. தரையில் உட்கார்ந்து, குடத்துத் தண்ணீரில் மேட்ரனின் காலை நனைத்து, கொண்டையில் தண்ணீரைத் தடவி, அலகோரம் சொட்டுச் சொட்டாக விட்டேன். மற்ற நாலும் சுற்றி நின்று நான் செய்வது சரியா என்று பார்த்தன. அப்படித்தான் எனக்குப் பட்டது. போய்விடாதே தாயே என்று ஒரு கோழியிடம் வாய்விட்டுக் கெஞ்சினேன்.

மச்சினனும் அந்த விழாவுக்கு வந்திருந்தானாம். அவன் வண்டியிலேயே அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து என் கையிலிருந்து மேட்ரனை வாங்கினாள். மார்போடு வைத்து இறக்கையைத் தூக்கிப் பார்த்தாள். அரை மணி நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு மேட்ரன் கழுத்தைத் தூக்கி, என்னைப் பார்த்து, கரகரவென்று ஏதோ சொன்னது. அது என்ன வார்த்தையாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கொல்லைக்குப் போய்க் கூட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த மச்சினன், கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிஜமாகவே புரியாமல் கேட்டான். “ஏன் மாமா, உருளைக்கிழங்கு மூச்சு விடும்னு நீங்கதானே சொன்னீங்க?”

மனைவி மேட்ரனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கூட்டைப் பார்க்கப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். கதவின் ரப்பரில் என்னவோ நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு இழுத்தாள். பாதித் தாள். இரண்டு கால், அரைக் கூரை, மேற்குப் பக்கத்துச் சாக்கு. திருப்பிப் பார்த்தாள், தேதி இருந்தது. எதற்கு அது அங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். பின்னறைக் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுக்கிற சத்தம் கேட்டது. மச்சினனைக் கூப்பிட்டு, பழக்கூடைகளை வண்டியில் ஏற்றச் சொன்னாள்.

பின்னறை வாசற்படியில் நின்றேன். மேட்ரன் என் கக்கத்தில் இருந்தது.

“தப்பு பண்ணிட்டேன்” என்றேன்.

“என்ன தப்பு?” மடித்துக்கொண்டிருந்த புடவையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

“கோழி மூச்சு விடறதைக் கணக்குல சேர்க்கலை.”

“நான் கோழியைப் பத்திக் கேக்கலீங்க.” புடவையைக் கட்டிலில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “எனக்கு மூச்சு முட்டுதுன்னு சொன்னேன். நீங்க கணக்குப் போட்டுக் காட்டினீங்க.”

மேட்ரனை அவள் கட்டிலில் வைத்துவிட்டு, கருவிப் பெட்டியிலிருந்து பிளேடு கத்தியை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன்.

ஜன்னலைத் திறக்க ஐந்து நிமிஷம் போதும் என்று நினைத்தேன். நான் அடைத்த ஜன்னல் என்பதை மறந்துவிட்டேன். முதல் பிளேடு உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. உளியைப் போட்டுத் தட்டினேன், விரல் முட்டி கிழிந்தது. எந்த மடையன் இவ்வளவு பசையைப் பூசினான் என்று நிஜமாகவே திட்டிக்கொண்டிருந்தேன். பசை கொட்டாங்குச்சி மாதிரி இறுகிக் கிடந்தது. வெள்ளித்தாளை உரித்தபோது கண்ணாடியிலும் கொஞ்சம் கீறல் விழுந்தது. வேர்த்து ஊற்றியது, கண்ணீர் வந்தது, இரண்டையும் ஒரே கையால் துடைத்துக்கொண்டேன். கடைசியில் தோளைக் கொடுத்து ஒரு மோது மோதினேன். சட்டம் விரிசல் விட்டு ஜன்னல் திறந்தது. பதினொரு வருஷத்துப் புழுதி முழுவதும் வெள்ளைப் படுக்கை விரிப்பில் கொட்டியது. அதோடு சத்தமும் வந்தது. தெருவில் ஒரு சைக்கிள் மணி, டீச்சரம்மா வீட்டு மிக்சி, வண்டியில் கூடை ஏற்றுகிற மச்சினன், பின்னறையில் கோழிகள்.

அவள் கதவருகில் வந்து நின்றிருந்தாள். ஜன்னலைப் பார்த்தாள், படுக்கையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

“இனிமே ஏசி போட்டா குளிரு நிக்குமா?”

“தெரியல” என்றேன்.

தொழிலுக்கு வந்த பிறகு நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் உள்ளே வந்து என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கட்டுப் போட வேண்டும் என்றாள். போட்டாள். நர்ஸ் போடுகிற கட்டு, அதில் தனியாகப் பிரியம் இருந்ததா என்று சொல்ல முடியாது. பிறகு ஜன்னல் வழியாகவே தம்பியைக் கூப்பிட்டாள். இவ்வளவு வருஷத்தில் அந்த ஜன்னல் வழியாக ஒரு குரல் வெளியே போனது அன்றுதான். “கூடையை இறக்கிடுடா. இவரு கூட்டை எப்படி மாத்தறாருன்னு பாத்துட்டுச் சொல்றேன்.” பையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பை பின்னறையில் கட்டினபடியே இருந்தது.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடு கூட்டைப் பிரித்தேன். நாலு சுவரும் போயின. தரையும் போயிற்று. கூரைப் பலகையை மட்டும் விட்டுவைத்தேன், வெயிலுக்கு அது நல்லது என்று அவளே சொன்னாள். அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஓட்டினேன். நாலு இரும்புக் கால், சுற்றிலும் கம்பி வலை, மேற்கே சாக்கு, சாக்குக்கு மேலே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ ஓட்டை போட்ட ஒரு குழாய். படம் தேவைப்பட்டது. என் சட்டைப்பையிலிருந்த பாதியை எடுத்தேன். அவள் தன் பாதியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் செங்கல் வைத்து அழுத்திக்கொண்டு அதைப் பார்த்தே கட்டினேன். காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போயிற்று. எனக்கு உடம்பெல்லாம் கூசியது, ஆனாலும் ஒரு சந்துகூட அடைக்கவில்லை. டீச்சரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, உடம்பு முடியாமல் இருந்தவர் தேறிவிட்டாரா என்று விசாரித்தார். தேறி வருவதாகச் சொன்னேன்.

மூன்று நாள் ஒரு கோழியும் உள்ளே போகவில்லை. நான் அந்தப் பக்கம் போனாலே கல்லுக்கு அடியில் ஒளிந்துகொண்டன. நான் தூக்கி உள்ளே விடவில்லை. சும்மா இருந்தேன், என் ஆயுளில் அவ்வளவு கஷ்டமான வேலை செய்ததில்லை. நாலாவது நாள் சாயங்காலம் மேட்ரன் வந்து கூட்டு வாசலில் நின்றது. கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தது. உள்ளே ஒரு காலை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. போய்ச் சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அதன் பின்னால் விசிட்டர் போனது. டிஸ்சார்ஜ்கூடப் போனது. நான் படுக்கையறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் படுக்கையில் இரண்டு தலையணை இருந்தது. எப்போது கொண்டுவந்து வைத்தாள் என்று தெரியாது, நான் கேட்கவும் இல்லை. கேட்டால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பதினொரு வருஷம் சுத்தமான காற்றில் வளர்த்த மூக்கு இது. ஜன்னலைத் திறந்த நாளிலிருந்தே தும்மல், மறுநாள் விடியும்போதும் விடவில்லை. ஒன்றன் பின் ஒன்றாக, கொல்லையில் கோழிகள் பதில் சொல்கிற அளவுக்குத் தும்மினேன். விரிப்பில் புழுதி, தலையில் புழுதி. ஜன்னல் திறந்தபடியே இருந்தது. மனைவி பக்கத்தில் படுத்தபடி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“மூடிடவாங்க?” என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அடுத்த தும்மல் வந்துவிட்டது. கையை மட்டும் ஆட்டினேன்.